பட்டமும் இருக்கிறது, திறனும் இருக்கிறது. வேலை மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்று 11 மாதங்கள் ஆகின்றன. இதுவரை 80-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். 6 இடங்களிலிருந்து மட்டுமே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மற்றவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு எங்கு திரும்பினாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: தகவல் தொடர்புத் திறனை வளர்த்துக்கொள், குழுவாகச் செயல்படக் கற்றுக்கொள், சிக்கலைத் தீர்க்கும் ஆற்றலைப் பெருக்கிக்கொள். இவற்றையெல்லாம் என் சுயவிவரக் குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நேர்காணலில் கூட இந்தச் சொற்களைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

என் ஐயம் இதுதான். வேலை தருபவர்கள் உண்மையிலேயே எந்தத் திறன்களைப் பார்க்கிறார்கள்? அவை ஒருவரிடம் இருக்கின்றனவா, இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும், இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களும் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஆள்தேர்வர் எழுதியது:

வணக்கம். 14 ஆண்டுகளாகப் பணியாளர் தேர்வில் இருக்கிறேன். அவற்றில் கடைசி 8 ஆண்டுகள் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவுக்குப் புதிய பட்டதாரிகளை எடுப்பதே என் முதன்மைப் பணி. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது.

‘குழுவாகச் செயல்படும் திறன்’ என்று ஒருவர் எழுதியிருப்பதை நாங்கள் படிப்பதே இல்லை. எங்களிடம் வரும் குறிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கிறது. எல்லாரிடமும் இருக்கும் ஒரு சொல்லை வைத்து யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காக அந்தத் திறன் தேவையில்லை என்று பொருளல்ல. அந்தச் சொல்லால் அதைக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

நாங்கள் தரும் ஒரு சிறு தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். சுமார் 400 வரிசைகள் கொண்ட ஓர் எக்செல் கோப்பைத் தருவோம். அதில் தேதிகள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டல்களில் இருக்கும். ஒரு மாதத்தின் கூட்டுத்தொகையை யாரோ தரவுகளின் நடுவே ஒரு வரிசையாகவே எழுதிவைத்திருப்பார்கள்; அதையும் சேர்த்துக் கூட்டினால் அந்த மாதத்தின் விற்பனை இரு மடங்காகத் தெரியும். 40 நிமிடங்களுக்குள் விற்பனை எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோப்பைத் திறக்கவே போகாத ஒரு மேலாளருக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுத வேண்டும்.

வருபவர்களில் பெரும்பாலோர் உடனே தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டு, அழகான வரைபடம் வரைந்து, ‘மூன்றாம் மாதத்தில் விற்பனை பெருமளவு உயர்ந்துள்ளது’ என்று எழுதிவிடுகிறார்கள். சென்ற முறை வந்த ஒரு பெண் வரைபடமே வரையவில்லை. ‘மூன்றாம் மாத உயர்வு உண்மையானதன்று, கூட்டுத்தொகை வரிசை ஒன்று தரவோடு கலந்திருக்கிறது. அதை நீக்கினால் விற்பனை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. பெயர் ஒற்றுமையுள்ள இரண்டு வாடிக்கையாளர்கள் ஒருவரே என்று கருதியிருக்கிறேன். அது சரியா என்பதை விற்பனைப் பிரிவிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்’ என்று நான்கே வாக்கியங்கள் எழுதினார். அவருடைய சுயவிவரக் குறிப்பில் பகுப்பாய்வுத் திறன் என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த நான்கு வாக்கியங்களில் பகுப்பாய்வும் இருந்தது, எழுத்துத் திறனும் இருந்தது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் இருந்தது. அவரைத்தான் எடுத்தோம்.

இப்படிச் செய்வதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் அவர் பிறகு வேலையில் காட்டும் செயல்திறனுக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையிலான அளவில் மதிப்பிட்டார்கள். அதில் வேலையின் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்லும் தேர்வு 0.54 பெற்றது. எத்தனை ஆண்டுகள் படித்தார் என்பது 0.10 மட்டுமே பெற்றது.

விடியல் எழுதியது:

ஆள்தேர்வர் ஐயாவின் பதிவு பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 40 நிமிடத் தேர்வு வரை போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். நீலவானம் விண்ணப்பித்த 80 இடங்களில் 74 இடங்கள் அவரை உள்ளேயே விடவில்லையே! கதவைத் திறக்காதவர்களிடம் திறனை எப்படிக் காட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்து முடித்தபோது ஊதியமில்லாப் பயிற்சிப்பணி ஒன்று கிடைத்தது. மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்யும் நிலையில் என் வீடு இல்லாததால் அதை விட்டுவிட்டேன். அடுத்து நான் போன நேர்காணலில் ‘முன் அனுபவம் இல்லையே’ என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்; ஆனால் அந்த வாசகம் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வேலை இல்லாததற்குப் பட்டதாரியின் திறன் குறைவே காரணம் என்று பேசிப் பேசி, வேலைகளே போதுமான அளவு இல்லை என்ற உண்மையை நாம் மூடி மறைக்கிறோமோ என்று அஞ்சுகிறேன்.

எண்கணக்கு எழுதியது:

தொழிலாளர் பொருளியல் படித்தவன் என்ற முறையில், விடியலின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்று முதலில் பதிவு செய்கிறேன். கனடாவில் பட்டதாரிகளின் வருமானத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2012-இல் ஓரியோபொலஸ், வான் வாக்டர், ஹைஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பொருளாதார மந்த காலத்தில் பட்டம் பெற்று வெளிவருபவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு குறைகிறது. அந்த இழப்பு முழுவதும் மறைய ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம் என்றாலும், வெளிவந்த ஆண்டு மட்டும் வேறு என்பதால் இந்த இழப்பு நேர்கிறது. ஆகவே 11 மாதங்களாக வேலை கிடைக்காத ஒருவர் தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்வதற்கு முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆனால் அடுத்த கேள்வி எஞ்சி நிற்கிறது. வேலைகள் குறைவாக இருக்கும்போது, இருக்கும் வேலை யாருக்குப் போகிறது? இங்கே பொருளியலில் இரண்டு பார்வைகள் உண்டு. கேரி பெக்கர் 1964-இல் விரிவாக முன்வைத்த மனித மூலதனக் கோட்பாட்டின்படி, கல்வி ஒருவரின் உற்பத்தித் திறனையே உயர்த்துகிறது. அதனால்தான் படித்தவருக்குக் கூடுதல் ஊதியம். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறொரு விளக்கம் தந்தார். வேலை தருபவரால் விண்ணப்பிப்பவரின் உள்திறனை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே எளிதில் போலி செய்ய முடியாத ஓர் அடையாளத்தை அவர் தேடுகிறார். பட்டம் அப்படிப்பட்ட ஓர் அடையாளம். திறன் குறைந்தவருக்கு அதைப் பெறுவது கடினம் என்பதால்தான் அதற்கு மதிப்பு.

ஸ்பென்ஸின் இந்த வாதத்தை நீலவானத்தின் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். ‘நான் சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் உள்ளவன்’ என்று எழுத யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. ஆற்றல் உள்ளவரும் எழுதலாம், இல்லாதவரும் எழுதலாம். அதனால் அந்த வரி அடையாளமாகச் செயல்படுவதே இல்லை. பட்டமும் எல்லாரிடமும் வந்துவிட்ட பிறகு தன் பிரிக்கும் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அப்போது வேலை தருபவர், பொய்யாகச் சொல்லக் கடினமான வேறு ஒன்றைத் தேடத் தொடங்குகிறார். அது என்ன என்பதைத்தான் ஆள்தேர்வரின் எக்செல் கதை காட்டுகிறது.

தூரிகை எழுதியது:

நான் வரலாறு படித்தவள். இப்போது ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பயனர் கையேடுகள் எழுதும் குழுவில் இருக்கிறேன். வேலை தேடிய ஒன்றரை ஆண்டில் நானும் நீலவானம் செய்த தவறையே செய்தேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று முரண்பட்ட கடிதங்களை ஒப்பிட்டு, எது எப்போது நடந்தது என்று நிறுவிய ஆய்வை ‘ஆராய்ச்சித் திறன்’ என்று இரண்டே சொற்களில் அடக்கிவிட்டேன். வேலை தந்தவருக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருந்த கதைதான். பொறியாளர் ஒருவர் ஒன்று சொல்வார், சோதனைப் பிரிவு வேறொன்று சொல்லும்; இரண்டையும் ஒப்பிட்டு, எது சரி என்று கேட்டுத் தெளிந்து எழுத வேண்டும். என் காப்பக வேலையும் அதுவேதான். ஆனால் அதை நான் சொல்லாதவரை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீலவானம், உங்கள் முதுகலை ஆய்வில் என்ன செய்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். திறன்களின் பெயர்களைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நீலவானம் எழுதியது:

மிக்க நன்றி. சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் 5 பேர் சேர்ந்து பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துபவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். 612 படிவங்கள் வந்தன. அவற்றைக் கணினியில் பதிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு கேள்விக்கான விடைகள் சில படிவங்களில் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. விசாரித்தபோதுதான், எங்களில் ஒருவர் ‘வாரத்தில் எத்தனை முறை பயணம் செய்கிறீர்கள்’ என்பதற்குப் பதிலாக ‘எத்தனை நாட்கள்’ என்று கேட்டிருந்தது தெரியவந்தது. அப்படி 94 படிவங்கள் இருந்தன. நண்பருக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. குழுவில் இருவர் ‘அப்படியே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது’ என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொலைபேசி எண் தந்திருந்தவர்களை எல்லாரும் பங்கிட்டு அழைத்தோம். 71 பேர் மீண்டும் விடை சொன்னார்கள். மீதி 23 படிவங்களை நீக்கிவிட்டு, அதனால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்பதையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

இது என் சுயவிவரக் குறிப்பில் ‘கணக்கெடுப்புத் திட்டம், எஸ்பிஎஸ்எஸ்’ என்று ஒற்றை வரியாக இருக்கிறது. (எஸ்பிஎஸ்எஸ் என்பது ஒரு புள்ளியியல் மென்பொருள்.)

தூரிகை எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் 11 மாதங்களாக மறைத்து வைத்திருந்தது இதைத்தான். அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

‘5 பேர் கொண்ட குழுவில் 612 கணக்கெடுப்புப் படிவங்களைப் பதிவு செய்தேன். ஒரு கேள்வி இரு விதமாகக் கேட்கப்பட்டிருப்பதைப் பதிவின்போது கண்டறிந்தேன். பாதிக்கப்பட்ட 94 பேரில் 71 பேரிடம் குழுவாக மீண்டும் விடை பெற்றோம். எஞ்சிய 23 படிவங்களை நீக்கி, முடிவில் அதன் தாக்கத்தைக் கணக்கிட்டு அறிக்கையில் குறிப்பிட்டேன்.’

‘செய்தேன்’ எது, ‘செய்தோம்’ எது என்பதைக் கவனமாகப் பிரித்து எழுதுங்கள். குழுவின் உழைப்பைத் தன்னுடையதாகச் சொல்பவரை நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தன் பங்கையும் சேர்த்தே மறைத்துக்கொள்பவரையோ யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

கரும்பலகை எழுதியது:

பல்கலைக்கழகத்தில் 22 ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். நீலவானத்தின் அந்த ஒற்றை வரிக்கு என் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

‘திறன்’, ‘தகைமை’ என்ற இரண்டையும் நாங்கள் வகுப்பில் ஒன்றாகவே குழப்பிவிடுகிறோம். தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல் மொழியில் ஒரு வினவலை எழுதத் தெரிவது திறன். எந்தக் கேள்விக்கு எந்தத் தரவைத் தேட வேண்டும், கிடைத்த விடையை எவ்வளவு நம்பலாம், யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒரு சூழலில் நின்று முடிவெடுத்துச் செயல்படுவது தகைமை. அறிவு, செய்யும் திறமை, மனப்பாங்கு ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் அது உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வாழ்நாள் கற்றலுக்கு வேண்டிய 8 முதன்மைத் தகைமைகளை 2006-இல் வரையறுத்து 2018-இல் திருத்தியது. அந்த ஆவணமும் தகைமையை இந்த மூன்றின் சேர்க்கையாகவே விளக்குகிறது. உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1973-லேயே, நுண்ணறிவுத் தேர்வுகளைக் கொண்டு ஆளை எடைபோடுவதை விட்டு, அந்தப் பணியில் சிறந்து விளங்குபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைக் கண்டறிந்து அதைச் சோதியுங்கள் என்று வாதிட்டார். அதே 1973-இல்தான் எண்கணக்கு குறிப்பிட்ட ஸ்பென்ஸின் கட்டுரையும் வந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான தேர்வுத் தாள்கள் மாணவர் மனப்பாடம் செய்ததைத்தான் அளக்கின்றன.

‘மென்திறன்’ என்ற சொல்லின் பிறப்பையும் அறிந்துகொள்வது நல்லது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவத்தின் பயிற்சிப் பிரிவினர்தாம் அதைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். துப்பாக்கி, வண்டி, எந்திரம் ஆகியவற்றைக் கையாள்வது வன்திறன். மனிதர்களையும் காகிதங்களையும் கையாள்வது மென்திறன். எளிதானது என்ற பொருளில் அவர்கள் ‘மென்’ என்று சொல்லவில்லை. படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கவும் அளக்கவும் கடினமாக இருந்ததே அவர்களுடைய கவலை. நாமோ அதை ஒரு நாள் பயிலரங்கில் கற்பித்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். கைகுலுக்குவது எப்படி, உடுத்துவது எப்படி என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் போவதால் யாருக்கும் தகவல் தொடர்புத் திறன் வந்துவிடாது. அது கண்துடைப்பு.

பிறகு எப்படித்தான் வரும்? எழுதியதை மற்றவர் படித்து ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லி, மீண்டும் எழுதும்போது வரும். நான் இரண்டு ஆண்டுகளாக ஒரு மாற்றம் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு செய்முறை அறிக்கையோடும், அந்தத் துறையே தெரியாத ஒருவருக்குப் புரியும்படி ஒரு பக்கக் கடிதமும் எழுதச் சொல்கிறேன். அதை வேறு துறை மாணவர் ஒருவர் படித்து, தனக்குப் புரியாத இடங்களில் கோடிட்டுத் தருவார். முதல் பருவத்தில் பக்கமெல்லாம் கோடுகளாக இருக்கும். மூன்றாவது கடிதத்திலேயே மாற்றம் தெரிகிறது. இதற்குத் தனிப் பாடமோ தனி நிதியோ தேவைப்படவில்லை.

டேவிட் டெமிங் என்ற பொருளியலாளர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980-க்கும் 2012-க்கும் இடையில் அமெரிக்காவில் சமூகத் திறன் மிகுதியாகத் தேவைப்படும் வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. கணிதம் மட்டும் மிகுதியாகத் தேவைப்பட்டு, சமூகத் திறன் அவ்வளவாகத் தேவைப்படாத வேலைகளின் பங்கு அதே காலத்தில் குறைந்தது. இரண்டும் சேர்ந்து தேவைப்படும் வேலைகளில்தான் வேலைவாய்ப்பும் ஊதியமும் நன்றாக வளர்ந்தன. நீலவானம் குழுவோடு சேர்ந்து அந்த 71 பேரைத் தொலைபேசியில் அழைத்ததையும், தவறு செய்த நண்பரைக் குறை சொல்லாமல் குழுவை ஒன்றாக வைத்திருந்ததையும் நான் அந்த இரண்டின் சேர்க்கையாகவே பார்க்கிறேன்.

விடியல் எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்ன கடிதப் பயிற்சி என் காலத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உண்மையிலேயே ஏங்குகிறேன். ஆனால் ஆள்தேர்வர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நேர்காணல் என்பது திறனைத்தான் பார்க்கிறது என்று எப்படி நம்புவது? நான் போன ஓர் இடத்தில் 20 நிமிடங்களில் பாதி நேரம் என் பொழுதுபோக்கைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பின்னால் வந்தவரும் கேள்வி கேட்டவரும் ஒரே விளையாட்டை விரும்புபவர்கள். சிரிப்புச் சத்தம் வெளியே வரை கேட்டது. அதில் அளக்கப்பட்ட தகைமை எது?

ஆள்தேர்வர் எழுதியது:

எதுவும் அளக்கப்படவில்லை. இதை நான் மழுப்ப விரும்பவில்லை.

முன்பு 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் குறிப்பிட்டேன். அதன் கணக்கீடுகளில் சில மதிப்புகள் திருத்தத்தின்போது மிகையாக உயர்த்தப்பட்டிருந்தன என்று சாக்கெட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2022-இல் எடுத்துக்காட்டினார்கள். அவர்களுடைய மறுகணக்கீட்டில் செய்துகாட்டும் தேர்வின் மதிப்பு 0.54-இலிருந்து 0.33-க்கு இறங்கியது. முதலிடத்துக்கு வந்தது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். அதன் மதிப்பு 0.42. நீங்கள் அனுபவித்தது போன்ற, மனம் போனபடி பேசும் நேர்காணலின் மதிப்பு 0.19 மட்டுமே. என் முதல் பதிவிலேயே இந்தத் திருத்தத்தையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை.

எங்கள் நிறுவனத்திலும் 6 ஆண்டுகளுக்கு முன்பு வரை ‘பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்’ என்றுதான் நேர்காணல் நடந்தது. பேசிப் பார்த்ததில் எங்களைப் போலவே பேசுபவர்களை எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது எல்லாரிடமும் ஒரே 5 கேள்விகள். ‘நீங்கள் செய்த ஒரு வேலையில் பாதியில் தவறு தெரியவந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்பது அவற்றில் ஒன்று. சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்ற நான்கையும் தேடுவோம். நீலவானம் மேலே எழுதியது இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய முழுமையான விடை. அதை ஒரு முறை கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நேர்காணலுக்குப் போகாதீர்கள். எழுத்தில் தெளிவாக இருக்கும் கதை, பேசும்போது முன்னும் பின்னுமாகப் போய்விடும்.

எண்கணக்கு எழுதியது:

கதவைத் திறக்காதவர்களிடம் எப்படிக் காட்டுவது என்று விடியல் கேட்டதற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ‘அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்’ என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. 55.6 விழுக்காட்டினர் எப்போதாவது சந்திப்பவர் மூலமும், 27.8 விழுக்காட்டினர் மிக அரிதாகச் சந்திப்பவர் மூலமும் வேலை பெற்றிருந்தார்கள். நெருங்கிய நண்பருக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். சற்றுத் தொலைவில் இருப்பவரோ வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டு வருவார். இதைச் சொன்ன கிரானோவெட்டரின் கட்டுரையும் 1973-இல் வந்ததுதான். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தபோது, ஓரளவு பலவீனமான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவுகின்றன என்று தெரிந்தது.

இதைப் பரிந்துரை தேடுவது என்று புரிந்துகொள்ள வேண்டாம். விடியல் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பரிந்துரைக்க உறவினர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை அறிவேன். ஆனால் உங்களுக்கு முன் அதே துறையில் படித்து முடித்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று எழுதாமல், ‘உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது, அதற்கு நாம் படித்ததில் எது உதவுகிறது’ என்று கேட்டு எழுதுங்கள். சிலர் மறுமொழி தரமாட்டார்கள். தருபவர் சொல்லும் செய்தி எந்த விளம்பரத்திலும் இருக்காது.

நீலவானம் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, நான் படித்த மென்பொருள்களையெல்லாம் விட வேகமாக அதுவே பகுப்பாய்வு செய்துவிடுகிறது. அறிமுக நிலை வேலைகளே இல்லாமல் போய்விடும் என்கிறார்கள். இப்போது நான் எதைக் கற்றுக்கொள்வது?

ஆள்தேர்வர் எழுதியது:

உலகப் பொருளாதார மன்றம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டு 2025-இல் வெளியிட்ட அறிக்கையில், இன்றைய திறன்களில் 39 விழுக்காடு 2030-க்குள் மாறும் அல்லது காலாவதியாகும் என்று அந்நிறுவனங்கள் எதிர்பார்ப்பதாகக் கூறப்பட்டுள்ளது. அதே அறிக்கையில் 10-இல் 7 நிறுவனங்கள் இன்றியமையாதது என்று சொன்ன திறன் பகுப்பாய்வுச் சிந்தனைதான். இவை நிறுவனங்களின் எதிர்பார்ப்புகள். நடந்து முடிந்தவை அல்ல.

என் மேசையில் காண்பதைச் சொல்கிறேன். நான் சொன்ன அதே எக்செல் கோப்பை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துப் பார்த்தோம். தேதிகளை நொடியில் சரிசெய்தது. நடுவில் இருந்த கூட்டுத்தொகை வரிசையை ஒரு முறை கண்டுபிடித்தது. மறுமுறை கேட்டபோது அதையும் சேர்த்துக் கூட்டி, அழகான நடையில் விற்பனை உயர்வைப் பாராட்டி எழுதியது. ஆகவே இப்போது எங்கள் தேர்வில் அந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கிறோம். அது தந்த விடையில் எதைச் சரிபார்த்தீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று மட்டும் தனியாக எழுதச் சொல்கிறோம். 612 படிவங்களுக்கு நடுவே அந்த 94 படிவங்களைச் சந்தேகித்த கண் உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அறிமுக நிலை வேலைகள் குறையுமா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. பொய்யான ஆறுதல் சொல்லவும் விரும்பவில்லை.

நீலவானம் எழுதியது:

நேற்றிரவு சுயவிவரக் குறிப்பை முழுவதும் மாற்றி எழுதினேன். ‘திறன்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த 9 சொற்களில் எஸ்கியூஎல், புள்ளியியல் கணினி மொழியான ஆர், எக்செல் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற ஒவ்வொன்றுக்கும் நான் செய்த ஒரு செயலை எழுத முயன்றேன். ஐந்துக்கு எழுத முடிந்தது. ‘தலைமைப் பண்பு’ என்ற சொல்லுக்கு மட்டும் எழுத எதுவுமே இல்லை, அதை நீக்கிவிட்டேன்.

எனக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு படித்த மூத்த மாணவி ஒருவருக்கு எண்கணக்கு சொன்னபடி கடிதமும் அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு மருத்துவ ஆய்வு மையத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறார். இன்று காலை மறுமொழி வந்தது. வேலை எதுவும் காலி இல்லை என்றார். ஆனால் வாரத்தின் பாதி நேரம், படிவங்களில் விடுபட்ட விடைகளைத் தேடி ஆட்களைத் தொலைபேசியில் அழைப்பதிலேயே போகிறது என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை அவரோடு பேசப் போகிறேன். விடியல், நீங்கள் இசைந்தால் உங்கள் குறிப்பையும் இங்கே பகிருங்கள். நாம் சேர்ந்து பார்க்கலாம்.